அண்ணியின் மிக்ஸி

"அண்ணி! கொஞ்சம் அந்த மிக்ஸியை நிறுத்துறீங்களா? போன் பேசிட்டிருக்கேன்ல!"

ஆபரேட்டர் போட்ட கூச்சல் அண்ணியின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"சார், உங்க பக்கம் ஒரே இரைச்சலா இருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடட்டுமா?" என்றான் போனில் பேசியவன்.

"கண்டிப்பாக் கூப்பிடுங்க சார். மறந்துடாதீங்க."

போனை வைத்தார். மிக்ஸியும் நின்றது. அதுதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆபரேட்டருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு பெரிய மில்லில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். மில்லை மூடிவிட்டார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 'குரலைக் கேட்டே ஆளை எடை போட்டுடுவேன்' என்று இன்னமும் பீற்றிக்கொள்வார். இப்போது அண்ணன் வீட்டில் வாசம். மாற்றுத்திறனாளி உதவித்தொகை வந்ததும் அப்படியே அண்ணன் கையில் கொடுத்துவிடுவார். அன்றைக்கு மட்டும் சாப்பாடு அவர் தொண்டையில் தாராளமாக இறங்கும்.

அந்தத் தொகைக்குத்தான் இப்போது ஆபத்து. இன்று சாயங்காலத்துக்குள் விவரங்களைச் சரிபார்க்காவிட்டால் நின்றே போய்விடுமாம். உதவித்தொகை ஆபீசிலிருந்து காலையில் கூப்பிட்டுச் சொன்னார்கள். அப்போதிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடையாய் நடந்தார்.

வேலை என்னவோ சுலபம்தான். போனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும். அவருடையது பேசும் போன். வருகிற மெசேஜை எல்லாம் அதுவே சத்தமாகப் படித்துவிடும்.

"அந்த நம்பரை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார், என்கிட்டகூட! ஸ்பீக்கர்ல போட்டுட்டு லைன்லயே இருங்க. போன் படிச்சு முடிச்சதும், 'படிச்சிடுச்சு'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றிருந்தான் அவன்.

எவ்வளவு யோக்கியன்! அந்தக் குரலிலேயே ஆபரேட்டருக்கு ஆள் பிடித்துப் போயிற்று.

ஆனால் காலையில் மெசேஜ் வருகிற நேரம் பார்த்து மிக்ஸி உறுமியது. இப்போதும் அதே கதை. போன் படித்ததா, முணுமுணுத்ததா என்றே புரியவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"ஏன் அண்ணி, நான் போன்ல பேசினா உங்களுக்கு ஆகாதா?"

"அரைக்க வேண்டியதை அரைக்க வேணாமா தம்பி?"

"அதுக்கு நேரங்காலம் கிடையாதா? பணம் நின்னு போச்சுன்னா நீங்களா அண்ணனுக்குப் பதில் சொல்வீங்க?"

அண்ணி ஒரு பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அவ்வளவுதான் பதில்.

இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். போன மாதம் இப்படித்தான் ஒரு போன் வந்தபோது, "யார் தம்பி அது? தெரிஞ்சவங்களா?" என்று கேட்டாள். "கண்ணுதான் தெரியாது அண்ணி, புத்தி நல்லாவே இருக்கு. என் விஷயத்துல தலையிடாதீங்க" என்று வள்ளென்று விழுந்துவிட்டார். அன்றோடு வாயை மூடிக்கொண்டவள், இன்று மிக்ஸியைத் திறந்துவிட்டிருக்கிறாள். பழி வாங்க இப்படியும் ஒரு வழியா!

பேசாமல் ஏதாவது ஒரு விடுதிக்குப் போய்விட வேண்டியதுதான். அண்ணன் வேலையிலிருந்து வரட்டும், இன்றைக்கே பேசிவிடலாம்.

அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டார். ஜன்னலையும் சாத்தினார். போன் அடித்தது.

"ரெடியா சார்? இதுதான் கடைசி சான்ஸ். ஸ்பீக்கர் போட்டாச்சா?"

"போட்டாச்சு சார், அனுப்புங்க."

கதவுக்கு வெளியே எதையோ இழுத்து வைக்கிற சத்தம். அடுத்த நொடி வீடே அதிர்ந்தது.

"அண்ணி! ஹால்ல வெச்சா அரைப்பீங்க?"

"சமையல்கட்டு பிளக் வேலை செய்யல தம்பி!" என்று வெளியிலிருந்து கத்தினாள்.

டிங் என்றது போன். ஆபரேட்டர் அதை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார். எண்களை ஒவ்வொன்றாகப் படித்தது. அப்பாடா!

"படிச்சிடுச்சு சார்!"

"எங்க படிச்சுது? மூணாவது நம்பருக்கு மேல ஒண்ணும் கேக்கல! அந்த எழவு மிக்ஸியை நிறுத்தச் சொல்லுய்யா முதல்ல!"

'சார்' எங்கே போயிற்று? அது போகட்டும்.

"அந்த நம்பர் உனக்கு எதுக்குக் கேக்கணும்?"

லைன் கட்டானது.

கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். அவர் யாரிடமும் ஒரு எண்ணைக்கூடச் சொல்லவில்லை. மிக்ஸி மட்டும் ஓடியிருக்காவிட்டால், அவருடைய போனே ஊருக்குக் கேட்கிற மாதிரி ஒப்பித்திருக்கும். குரலைக் கேட்டு ஆளை எடை போடுகிறவராம்! வெட்கமாக இருந்தது.

வெளியே மிக்ஸி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தட்டுத்தடுமாறிக் கதவைத் திறந்தார். மோட்டார் சூடேறித் தீய்ந்த வாடை மூக்கைத் துளைத்தது.

மிக்ஸி நின்றது.

"பேசி முடிச்சாச்சா தம்பி?" கத்திக் கத்திக் கரகரத்த குரல்.

"முடிஞ்சுது அண்ணி." "இவ்வளவு நேரமா என்ன அரைச்சீங்க?"

அண்ணி பிளக்கைப் பிடுங்கினாள்.

தரையில் உட்கார்ந்து, தடவித் தடவி ஜாரைக் கண்டுபிடித்து, மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டார்.

"பாத்து, பிளேடு இருக்கு" என்றாள் அண்ணி.

பிளேடு மட்டும்தான் இருந்தது.