இடது பக்கம் மட்டும்

"அண்ணே, திரும்பவும் எடது பக்கந்தான் போயிக்கீது!"

வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டிச் சொன்னான் செங்கல்வராயன். இது என்ன கூத்து என்று அவனுக்கே விளங்கவில்லை.

மிஷன் ஆஸ்பத்திரியின் பழைய ஸ்டேஷன் வேகன் அது. உலக யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கியது. சித்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பிரசவ வலி கண்ட பெண்களை ஏற்றிக்கொண்டு வருவது அதன் வேலை.

பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஷாக் அப்சார்பர். குலுக்கலை வாங்கிக்கொள்கிற எண்ணெய்ப் புட்டிகள். போன வருஷம் இரண்டையும் ஒரே நாளில் புதிதாக மாட்டியவன் அவன்தான்.

கழற்றியதைச் சாக்கின்மேல் வைத்துப் பார்த்தான். வலது பக்கத்துப் புட்டியின் கையை அழுத்தினால், பிகு பண்ணிக்கொண்டு மெதுவாக இறங்கியது. இடது பக்கத்துக் கை செத்த கோழியின் கழுத்தாட்டம் தொங்கியது. உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

ஒருமுறை என்றால் சரி. அன்றிலிருந்து மூன்று முறையும் அதே பக்கமா?

ஆஸ்பத்திரி ஆபீசில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இனி ஒரு தடவை போனால் வண்டி திருப்பதி ஒர்க்ஷாப்புக்குத்தான். வேலை கைவிட்டுப் போவதுகூடப் பெரிதில்லை. செங்கல்வராயனுக்கு மாட்டத் தெரியவில்லை என்று ஊர் பேசுமே!

டிரைவர் வேதநாயகம் டீ குடிக்கக்கூடப் போகாமல் பக்கத்திலேயே நின்றார்.

"ஏன் தம்பி எடது மட்டும் போவுது?"

போன தடவையும் இதையேதான் கேட்டார். அதற்கு முந்தைய தடவையும். தெரிந்தால் இவன் சொல்லமாட்டானா?

"நர்சம்மா எந்தப் பக்கம் குந்துவாங்க?" என்று செங்கல்வராயன் திருப்பிக் கேட்டான். நர்ஸ் ஞானம்மாள் நல்ல கனம்.

"முன்னால, எம்பக்கத்துல."

"படுக்கவச்சி இட்டுக்கினு வர்ற பொம்பளைங்க?"

"பின்னால வலது பக்கம். பலகை அங்கதான கீது."

அடக் கடவுளே, அப்படியானால் வலதுதானே முதலில் போகவேண்டும்! கிரீஸ் கையோடு தலையைச் சொறிந்துகொண்டான்.

புதிய புட்டிகளை மாட்டி முடுக்கினான். வழக்கமாக வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து அனுப்பிவிடுவான். இன்று விடுவதாக இல்லை.

"குடிபாலா வரைக்கும் போயாந்துடலாம்ணே. நீங்க ஓட்டுங்க. நான் பின்னால குந்திக்கினு பாக்கறேன்."

வேதநாயகம் சாவியை எடுத்தார். "ஏறு," என்றார்.

வேலூர் ரோட்டில் நடுவில் மட்டும்தான் தார். இரண்டு பக்கமும் குண்டும் குழியுமாக மண். எதிரே கரும்பு வண்டி ஒன்று வர, வேதநாயகம் இடது சக்கரங்களை மண்ணில் இறக்கி வழிவிட்டார்.

கரும்பு வண்டி போய்விட்டது. இடது சக்கரங்கள் மண்ணைவிட்டு ஏறவில்லை. செங்கல்வராயன் உட்கார்ந்திருந்த மூலை தடதடவென்று அடிவாங்கியது. புத்தம் புதுப் புட்டி, பாவம்.

ரோடு காலியாகக் கிடக்கிறது. இந்த மனுஷன் ஏன் தாரில் ஏறமாட்டேன் என்கிறார்?

வலது பக்கத்தில் ரங்கையாவின் டீக்கடை வந்தது. வாசலில் நின்ற ரங்கையா கையெடுத்துக் கும்பிட்டார். வேதநாயகம் திரும்பவேயில்லை. மிஷன் டிரைவருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, கும்பிட்டால்கூட மதிப்பதில்லை என்று ஊரில் பேச்சு இருந்தது. நிஜம்தானோ?

அடுத்த வளைவில் இடது பக்கம் நுங்கு விற்றுக்கொண்டிருந்தவளுக்கு அவர் சிரித்துத் தலையாட்டினார்.

செங்கல்வராயனுக்குப் பொறி தட்டியது.

மெல்ல முன்னால் நகர்ந்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி, அவருடைய வலது கண்ணுக்குப் பக்கத்தில் விரல்களை ஆட்டினான்.

இமை அசையவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனான். அப்போதும் அசையவில்லை.

ஆக, வலது கண்ணில் பார்வை இல்லை. எதிரே வருவதன்மேல் மோதிவிடுவோமோ என்கிற பயத்தில்தான் மனுஷன் ஓரத்தைவிட்டு வராமல் ஓட்டியிருக்கிறார். கண்டுபிடித்துவிட்டான்! தப்பு அவன் கையில் இல்லை! குதிக்கலாம்போல் சந்தோஷம் வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியது. இதை ஆபீசில் சொன்னால் இவர் பிழைப்பு என்ன ஆவது? சொல்லாமல் விட்டால், அந்தப் பலகையில் படுத்து வருகிறவர்கள்?

"கிரீஸ் நாத்தம் அடிக்குது. கைய எடு தம்பி," என்றார் வேதநாயகம்.

வண்டியை ஓரங்கட்டி அணைத்தார்.

"நானே சொல்லிடலாம்னு எத்தினியோ வாட்டி ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன். கர்த்தருக்குத்தான் தெரியும், வாய் வரல. அதான் உங்கிட்ட கேட்டுக்கினே இருந்தேன். நீயாவது கண்டுபுடிப்பன்னு."

கீழே இறங்கி, வண்டியின் மூக்கைக் கையால் தடவிக்கொண்டே சுற்றிவந்து, நர்சம்மா உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார்.

"நீ ஓட்டு. நேரா ஆபீசுக்கு வுடு. உம்மேல தப்பில்லன்னு நானே சொல்றேன்."

செங்கல்வராயன் டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டான். வண்டியைத் திருப்பி நாலு சக்கரத்தையும் தாரின்மேல் ஏற்றினான். பின்பக்கம் சத்தமே இல்லாமல் வந்தது.

திரும்பும்போது ரங்கையாவின் கடை இடது பக்கம் வந்தது.

வேதநாயகம் ஜன்னலுக்கு வெளியே இரண்டு கைகளையும் நீட்டிக் கும்பிட்டார்.