எண்ணெய்க் கை

சேலையூர் வீட்டுப் பின்கட்டில், போர்வெல்லிலிருந்து பாதி உருவிய குழாயை ஜெயசீலியும் அம்மாவும் கட்டிப்பிடித்து நிற்கிறார்கள். நழுவினால் குழாய் ஆழத்துக்குள் போய்விடும். பிறகு வீட்டுக்குத் தண்ணீரே இல்லை. குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பின் போல்ட் மணலில் உருண்டுவிட, அப்பா தவழ்ந்து தேடுகிறார். "ஆள் கூப்பிடுங்கன்னா கேட்டீங்களா?" என்கிறாள் அம்மா. "நாம மூணு பேர் ஆள் இல்லியா? பேசாம புடி தபீதா!" என்று அம்மாவை அதட்டுகிறார் அப்பா. காலையில் சர்ச்சுக்குக் கிளம்பும்போது தலையில் தேய்த்த தேங்காயெண்ணெய் ஜெயசீலியின் உள்ளங்கையில் இன்னும் வழவழக்கிறது. குழாய் மெல்ல, மிக மெல்ல, கீழே இறங்குகிறது. அவள் வழுக்கும் விரல்களை இன்னும் இறுக்குகிறாள். அம்மா அந்தக் கையைப் பார்க்கிறாள். சர்ச்சுக்கென்றே வைத்திருக்கும், வந்தபின் இன்னும் மாற்றாத வெள்ளைச் சேலையின் முந்தானையைச் சேற்றுக் குழாயில் சுற்றி, அதன்மேல் மகளின் கையை வைத்து அழுத்துகிறாள். குழாய் நிற்கிறது. அப்பா இன்னும் மணலைத் துழாவுகிறார்.