அடுத்த ப்ராசஸர் வரட்டும்

பிறந்த அன்றே குழந்தையின் பெயரில் பதிவாகும் லேப்டாப்பை ஆயுளுக்கும் மாற்ற முடியாது. அதனால் கம்பெனி எப்போது ப்ராசஸரை மாற்றும் என்று பார்த்துத்தான் எல்லோரும் பிள்ளை பெற்றார்கள். சுகந்தி வாய் திறந்தாலே, "அடுத்த வருஷம் புதுசு வருதாம், கொஞ்சம் பொறு" என்பான் அவள் கணவன் இளமாறன். பொறுத்துப் பொறுத்து அவளுக்குக் காதோரம் நரைத்துவிட்டது.

இன்று ஹாலிலிருந்து கூப்பிட்டான். "சுகந்தி, வந்திருச்சு. இனிமே நாம பெத்துக்கலாம்."

இனி கரு தங்காது என்று போன வாரம் டாக்டர் சொன்னதை அவள் இன்னும் அவனிடம் சொல்லவில்லை. பட்டாணி உரிப்பதை நிறுத்தாமல், "இதைவிட வேகமா இன்னொண்ணு வருதாம், பொறுங்க" என்றாள்.

"அப்படியா?" என்றவன், எப்போது வருகிறது என்று உடனே தேட ஆரம்பித்தான்.