கிழிந்த தகடு

“தோத்தது நான் இல்ல முதலாளியம்மா, இந்தத் தகடு!”

பந்தயம் முடிந்ததும், கிழிந்த தகட்டை லோரீனின் மேஜைமேல் போட்டான் டெல்மர். ஒஹையோ பந்தயத் திடலில் அவள் காரை ஓட்டுபவன். இன்ஜினுக்குள் வெடித்தால் மேலேயிருந்து காற்றை அழுத்தி ஊட்டும் சூப்பர்சார்ஜர் சிதறாமல், அந்த மெல்லிய தகடு முதலில் கிழிந்து காப்பாற்றும்.

“பாதித் தூரத்துல டமார்னு வெடிச்சுது. இல்லேன்னா பக்கத்துத் தடத்துல ஓட்டின அந்தக் கார்வினை மண்ணைக் கவ்வ வச்சிருப்பேன்!”

“நீ பயந்துபோய் ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்துட்டேன்னு மெக்கானிக் பசங்க சொன்னாங்களே?”

“பயமா, எனக்கா? வயித்தெரிச்சல்ல பேசறானுங்க. அடுத்த தடவை நல்ல கெட்டித் தகடா மாட்டுங்க!”

லோரீன் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“காலைல நானே மாட்டினதுப்பா இது. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது உள்பக்கம். இன்ஜின் வெடிச்சா கிழிசல் வெளியேதானே விரியணும்? இது உள்ளே மடிஞ்சிருக்கே!”

டெல்மர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

“ஹெல்மெட்டை வச்சுட்டுக் கிளம்பு” என்றாள் லோரீன். “உனக்கு முன்னாடி ஓட்டினவனாவது, தகட்டைத் திருப்பி வச்சுக் குத்தினான்!”