முதலில் போன குதிரை

முதலில் தப்புப் பண்ணியது சம்பந்திதான். அதில் பெரியவருக்கு இன்றுவரை சந்தேகமே கிடையாது.

போன வருஷம் அவருக்குக் கண் ஆபரேஷன். தெருவே வந்து பார்த்தது. பால்காரர் வந்தார். பல வருஷமாய்ப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பிகூட வந்தான். மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி மட்டும் வரவில்லை.

"இடுப்புப் பிடிப்பாம்! எனக்கு ஒரு கண்ணைத்தான் கட்டியிருந்தாங்க. இன்னொரு கண்ணு வாசலையே பார்த்துட்டுக் கிடந்துச்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவிட்டார்.

அந்தச் சம்பந்தி செயலாளராக இருக்கும் மன்றத்தில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்து எங்கே? எழுந்திருக்கிறார், மேஜைப் பக்கம் போகிறார், திரும்பி வருகிறார், மறுபடி எழுந்திருக்கிறார்.

வருஷக் கடைசி லீவில் அந்தத் தெருவுக்கு ஒரு பழக்கம். வீட்டில் கழித்துப்போட்ட சாமானிலிருந்து கையாலேயே ஏதாவது விளையாட்டுப் பொருள் செய்து மன்றத்து மேஜையில் வைப்பார்கள். இல்லாத வீட்டுப் பிள்ளைகள் வரிசையாக வரும். பிடித்ததைத் தானே எடுத்து, தானே தூக்கிக்கொண்டு போக வேண்டும். பெரியவர்கள் யாரும் கையில் எதையும் திணிக்கக் கூடாது. இது சம்பந்தி போட்ட சட்டம்.

மருமகள் பழைய திரைச்சீலையில் முயல்கள் தைத்திருந்தாள். பெரியவர் செய்தது கப்பல். ஆயுசு முழுக்க மெஷின்களை ஏற்றி அனுப்ப மரப்பெட்டி அடித்தவர். உடைந்த பெட்டிப் பலகைகளை எடுத்து, பெட்டிக்குப் போடுகிற அதே நீள ஆணிகளைப் போட்டுக் கப்பலை இறுக்கியிருந்தார்.

மகனும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். மகனுக்கு மூச்சு வாங்கியது.

"அப்பா, இது கப்பலா, நங்கூரமா?"

"சாமான்னா உறுதி வேணும்டா. நான் அடிச்ச பெட்டி கிரேன்ல இருந்து விழுந்தும் பிரிஞ்சதில்ல."

போன வருஷம் குதிரை செய்து கொடுத்திருந்தார். ஆபரேஷன் நெருங்கிவிட்டதால் வந்து பார்க்க முடியவில்லை. போனில் கேட்டபோது, "முதல்ல போனதே உங்க குதிரைதான் சம்பந்தி" என்றார் அந்த மனுஷர். அந்தக் காட்சியை இந்தத் தடவை தன் புதுக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் கோபத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்.

"மாமா, கொஞ்சம் உக்காருங்களேன். பிள்ளைங்க வர இன்னும் நேரமிருக்கு" என்றாள் மருமகள்.

"உன் முயலை ஏம்மா கப்பலுக்கு முன்னாடி வச்சே? மறைக்குது பாரு."

"அது கப்பல்ல ஏறக் காத்துட்டிருக்கு மாமா."

சிரிப்பு வந்ததை மறைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தால் மேஜையில் முயல் இருந்தது. கப்பல் இல்லை.

பின்பக்கத்தில் சரசரவென்று ஏதோ இழுபடும் சத்தம். ஓடினார்.

கப்பலை ஒரு சாக்கின்மேல் சரித்து இறக்கி, சாமான் அறைக்குள் இழுத்துக்கொண்டிருந்தார் சம்பந்தி. மூலையில் ஏதோ ஒன்று பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது. போர்வைக்கு வெளியே குதிரையின் மூக்கு தெரிந்தது.

"அடப்பாவி மனுஷா! முதல்ல போச்சுன்னீங்களே, இங்கதான் போச்சா?"

"மெதுவா சம்பந்தி. பிள்ளைங்க வந்துருச்சு."

"வரட்டும்! செயலாளர் லட்சணம் எல்லாருக்கும் தெரியட்டும். நான் செஞ்சதுன்னா அவ்வளவு இளக்காரமா? கண்ணு போய்க் கிடந்தப்பவும் எட்டிப் பார்க்கல. இப்ப கப்பலையும் கடத்துறீங்க!"

சம்பந்தி வேர்வையைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

சத்தம் கேட்டு மருமகள் ஓடிவந்தாள். "சொல்லிடுங்கப்பா."

"வேணாம்மா."

"அப்ப நான் சொல்றேன். மாமா, போன வருஷம் குதிரை மேஜையிலதான் இருந்துச்சு. பிள்ளைங்க ஒவ்வொண்ணா வந்து கட்டிப்பிடிச்சு இழுத்துப் பார்த்துச்சுங்க. அசையவே இல்ல. கடைசியில அது மட்டும் தனியா நின்னுச்சு. உங்க காதுக்குப் போனா மனசு விட்டுப்போயிடும்னு, அப்பா ஒண்டியாத் தூக்கி இங்க மறைச்சார். அன்னிக்குப் பிடிச்ச இடுப்புதான். நீங்க ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப அவரும் படுக்கையிலதான் இருந்தார். எப்படிப் பிடிச்சுதுன்னு கேட்டா குதிரைக் கதையும் வெளிய வந்துடும்னு, திட்டு வாங்கிட்டுப் பேசாம இருந்தார்."

பெரியவர் குதிரையைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்தார். வாய் மட்டும் அடங்கவில்லை.

"கனமாம் கனம்! தூக்கத் தெரியலைன்னு சொல்லுங்க. இதை ஒரு பொடிசு ஒத்தைக் கையால தூக்கும். இப்படிப் பிடிச்சு…"

குனிந்தார். கப்பலின் இரண்டு பக்கமும் பிடித்தார். தம் கட்டினார்.

கப்பல் நகரவில்லை. இடுப்பில் எதுவோ மளுக்கென்றது. குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

சம்பந்தி அவசரமாகச் சட்டையைத் தூக்கி, தன் இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டை அவிழ்த்தார். அதைப் பெரியவர் இடுப்பில் சுற்றி, பதமாக இறுக்கினார். முதுகில் கை வைத்து மெல்லக் கேட்டார்.

"எப்படி இருக்கு சம்பந்தி? ரொம்ப வலிக்குதா?"

நிமிர முடியாத பெரியவர் கழுத்தை மட்டும் திருப்பி, ஆபரேஷன் செய்த கண்ணால் அவரைப் பார்த்தார்.

"இது இடுப்புக்குக் கேட்டது. கண்ணுக்கு இன்னும் கேக்கல."