அனுப்பாத மெயில்

இறந்துபோன தங்கைக்குத் தமயந்தி தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகக் கணினியில் மெயில் எழுதுவாள். எதையும் அனுப்பியதில்லை, சேமித்துவிட்டு மூடிவிடுவாள். ஒருநாள் லிஃப்டில் மேலாளர் கனிவாகச் சொன்னார்: “உங்க தங்கச்சிக்குக் கடைசியா அந்த ஊதாப் புடவையையே கட்டி அனுப்பியிருக்கலாம்மா.”

அந்த வருத்தத்தை அவள் கணவனிடம்கூடச் சொன்னதில்லை. மெயிலில் மட்டுந்தான் எழுதியிருந்தாள். நேரே இருக்கைக்கு வந்து, எல்லாவற்றையும் அழிக்கப் போனாள். மேசைத் தொலைபேசி அடித்தது. முன்பின் கேட்டிராத ஒரு பெண்குரல், அழுது கம்மியிருந்தது.

“அழிச்சிடாதீங்க மேடம். இங்க ஐ.டி. செக்‌ஷன்ல இன்னும் யாரும் படிச்சு முடிக்கல.”

அந்தக் குரலுக்குப் பின்னால் நிறையப் பேர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. தமயந்தி மவுஸிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

“எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?”