மாமியார் சொன்ன குறை

"உங்கம்மா இன்னைக்கும் குறை சொல்லிட்டாங்க," என்று மனைவி கண்கலங்கினாள். "எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கறதே இல்லையாம். ஏதாவது தப்பு நடந்தா அப்படியே போட்டுட்டு ஓடிடறேனாம்."

கல்யாணமாகி மூன்றே மாதம். அவன் நேரே அம்மாவின் அறைக்குப் போனான்.

"அவளைக் கொஞ்சம் விட்டுப்பிடிக்கக் கூடாதாம்மா?"

அம்மா கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கே உயிர்நாடியான கெர்னல்ல விட்டுப்பிடிக்க முடியுமாடா? இவ எழுதின புரோகிராம் மெமரியை எடுக்குது. நடுவுல எரர் வந்தா, திருப்பிக் கொடுக்காமலே வெளிய வந்துடுது. மெஷினே படுத்துடும். மருமகள்ங்கிறதால சரிபார்க்காமலே இதை நான் கெர்னல்ல சேர்த்துக்கிட்டேன்னு நாளைக்கு எவனும் அவளைப் பேசிடக் கூடாது."

"சரிபண்ணிட்டேன் அத்தை," என்று லேப்டாப்போடு உள்ளே வந்தாள் மனைவி.

அம்மா வரிவரியாகப் படித்தாள். பிறகு தன் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"உட்காரும்மா. உன் கையாலயே சேர்த்துடு."